பெனே சூவெல்: இடமா, வலமா?

15 ஆகஸ்ட் 2021

இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஏழாவதாக எடுத்த பையனை டெட்ராய்ட் லயன்ஸ் எதற்கு வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது? பெனே சூவெல் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஆடியது லெஃப்ட் டேக்கிள், தடுப்பு வரிசையின் இடது ஓரம். 2019ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த முன்வரிசை ஆளுக்கான அவுட்லேண்ட் கோப்பை வாங்கியதும் அந்த இடத்தில் ஆடித்தான். வெள்ளிக்கிழமை பஃபலோவுடன் நடந்த சீசனுக்கு முந்தைய ஆட்டத்துக்கு லயன்ஸின் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டுக்குப் போயிருந்தேன். பையனுக்குக் கால் ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என் கட்சி இதுதான்: இடது பக்கத்தை இவருக்குக் கொடுத்துவிட்டு இப்போது அங்கே ஆடும் டெய்லர் டெக்கரை வலது பக்கம் அனுப்ப வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் இவரை எடுத்தே இருக்கக் கூடாது. சின்சினாட்டி பந்து பிடிக்கிற ஜமார் சேஸை ஆறாவதாகக் கொத்திக்கொண்டு போனதே, அதுதான் சரியான முடிவு.

15 ஆகஸ்ட் 2021, இரவு

திருத்தம். சேஸ் ஐந்தாவது. ஆறாவதாகப் போனது மயாமி எடுத்த ஜேலன் வாடில். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. கட்சி மாறவில்லை.

17 ஆகஸ்ட் 2021

“இடது என்ன, வலது என்ன, இரண்டும் தடுக்கிற வேலைதானே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களும் இங்கே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள். எதிரணியில் மிக வேகமாக ஓடி வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறவர்கள் பெரும்பாலும் ஓரம் வழியாகத்தான் வருவார்கள். வலது கையால் எறிபவருக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம். வருகிறவனை அவரால் பார்க்க முடியாது. அதனால்தான் லெஃப்ட் டேக்கிளுக்கு மதிப்பும் சம்பளமும் பல வருடங்களாகக் கூடுதல்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாத விஷயத்தைக் காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அறுபதைத் தாண்டியவர், பள்ளி நாட்களில் ரைட் டேக்கிள். சனிக்கிழமை வேலியருகில் நின்று இதே புலம்பலைப் புலம்பினேன். வா என்று கூப்பிட்டுப் புல்தரையில் நிறுத்தினார். இடது காலைப் பின்னால் வை, ஒரு கையை ஊன்று. இப்போது பின்னோக்கி, பக்கவாட்டில், இடது காலை முதலில் எடுத்து நகரு. நாலு முறை தப்புப் பண்ணியபின் உடம்பு பிடித்துக்கொண்டது. இப்போது எல்லாவற்றையும் மாற்று என்றார். வலது கால் பின்னால், மற்றக் கை ஊன்றல், அந்தப் பக்கமாக நகர்தல். மூன்றாவது அடியில் என் முழங்கால்கள் இரண்டும் முட்டிக்கொண்டன. என்னை ஒருவரும் தள்ளக்கூட இல்லை!

ஒரேகானில் பையன் பழகியது முழுக்க முதல் வகை. ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், எந்தக் கால் முதலில் போக வேண்டும் என்று யோசித்தால் அங்கேயே பிந்திவிட்டான் என்று அர்த்தம். 150 கிலோ உடம்பு, 20 வயது. கொரோனா காரணமாக 2020 சீசனிலிருந்து ஒதுங்கியும் இருந்தார். கடைசியாக முழு ஆட்டம் ஆடியது 2020 ஜனவரி 1, விஸ்கான்சினை 28-27 என்று ஜெயித்த ரோஸ் பவுல். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வெள்ளிக்கிழமை நான் பார்த்தது திறமைக் குறைவு இல்லை, பாஷை மாறிய குழந்தையின் திணறல்.

அதனால்தான் என் கோபம் இன்னும் கூடுகிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

12 செப்டம்பர் 2021

டெக்கருக்கு விரலில் காயம். பையன் இடது பக்கத்துக்கு மாறிவிட்டார், முதல் ஆட்டமே ஓரம் வழியாகப் பாய்கிற நிக் போசா இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவோடு. தோல்வி, 41-33.

பெரியவர் சொன்னபடி இன்று பந்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் 58ஆம் எண் சட்டையை மட்டும் பார்த்தேன். ஆகஸ்டில் பார்த்த ஆளே இல்லை. அடி சின்னதாக, சீராகப் போகிறது. கை எதிராளியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னும் 21 முடியவில்லை இவருக்கு, அக்டோபர் 9தான் பிறந்தநாள்.

என் கட்சி ஜெயித்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

27 செப்டம்பர் 2021

பால்டிமோரின் ஜஸ்டின் டக்கர் 66 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. 19-17. சூவெல் பற்றி இன்று ஒரு வரிகூட எழுதத் தெம்பில்லை.

15 நவம்பர் 2021

டெக்கர் திரும்பிவிட்டார். எட்டு ஆட்டம் இடது பக்கம் ஆடிய பையனை மறுபடியும் வலது பக்கம் அனுப்பிவிட்டார்கள். பிட்ஸ்பர்க்கில் மழை, 16-16, டிரா. எட்டுத் தோல்விக்குப் பிறகு டிரா என்பதே இங்கே பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

கோபத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எறிகிற ஆட்டத்தில் வலது பக்கக் கால் இன்னும் தடுமாறுகிறது. ஓடுகிற ஆட்டத்தில் சங்கதி வேறு. பந்தை வாங்கிக்கொண்டு டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் ஓடும்போது முன்னால் போய் வழி திறக்கிறாரே, அதில் இடம் வலம் என்ற குழப்பமே தெரியவில்லை. முன்னோக்கிப் போகச் சொன்னால் போதும், மனுஷன் சந்தோஷமாகப் போகிறார். ஓட்டத்தில் மட்டும் லயன்ஸ் 200 கஜத்துக்கு மேல் எடுத்தது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டே தடுப்பது ஒரு தொழில். முன்னால் பாய்ந்து தள்ளுவது இன்னொரு தொழில். ஒரே ஆள் இரண்டையும் கற்க வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

14 பிப்ரவரி 2022

நேற்றைய சூப்பர் பவுலை, அதாவது லீகின் இறுதிப் போட்டியை, இந்த இழையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

சின்சினாட்டி சூவெலை விட்டுவிட்டுச் சேஸை எடுத்தது. சேஸ் முதல் வருடமே சிறந்த புதுமுகம், அணி சூப்பர் பவுல் வரை வந்தது. ஆகஸ்டில் நான் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். ஆனால் அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோவை டென்னசியில் 9 முறை சாய்த்தார்கள். நேற்று 7 முறை. கடைசி நிமிடத்தில் ராம்ஸ் அணியின் ஆரோன் டொனால்ட் அவரைப் பிடித்துச் சுழற்றியதோடு கதை முடிந்தது, 23-20. கோப்பையைத் தூக்கியது இப்போது ராம்ஸில் ஆடும் நம் பழைய குவார்ட்டர்பேக் ஸ்டாஃபர்ட். டெட்ராய்டில் 12 வருடம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும், எனக்கு அடைத்தது.

சேஸை எடுத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அவர் இல்லாமல் அவர்கள் அங்கே வந்திருக்கவே மாட்டார்கள். ஆகஸ்டில் எனக்கு அது ஒரே வரியில் தீர்ந்த கணக்காக இருந்தது, இப்போது அப்படித் தீரவில்லை. 13ஆவதாகப் போன ராஷான் ஸ்லேட்டர் இடது பக்கம் பாறை மாதிரி நின்று முதல் வருடமே சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்குப் போனதும் உறுத்துகிறது. அவரும் 2020ல் ஆடாதவர். ஒரு வித்தியாசம், அவரை யாரும் பக்கம் மாற்றவில்லை.

6 ஆகஸ்ட் 2022

ஆலன் பார்க்கில் லயன்ஸ் பயிற்சி முகாமுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு 12 வயது, பள்ளி அணியில் கார்டாக ஆட ஆசை.

இந்த வருடம் இரண்டாவதாக எடுத்த எய்டன் ஹட்சின்சன் நம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பையன். ஓரம் வழியாகப் பாய்கிறவர். அவரும் சூவெலும் தினமும் மோதுகிறார்கள். சில முறை இவர், சில முறை அவர். தள்ளிவிட்டுத் திரும்பி நடக்கும்போது இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போகிறார்கள். இந்த முகாமில் கிடைக்கிற பெரிய சொத்து இதுதான் என்று நினைக்கிறேன். இப்படி ஒருவர் தினமும் எதிரே நின்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேர் மெதுவாகத் தெரிவார்கள்.

கால்! காலைத்தான் சொல்ல வந்தேன். வலது கால் இப்போது தானாகப் பின்னால் போகிறது. ஒரு வருடத்துக்கு முன் அந்தக் கால் போவதற்கு முன்னால் தோளில் ஒரு சின்ன அசைவு இருக்கும். “இப்போது வலது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. அது காணாமல் போய்விட்டது. லைன் கோச் ஹாங்க் ஃப்ரேலி தானும் இந்த லீகில் சென்டராக ஆடியவர். குனிந்து நின்று காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மகன் கேட்டான்: “அப்பா, அவர் தப்பு பண்ணலன்னா அவர் பேரையே யாரும் சொல்ல மாட்டாங்களா?” ஆமாம்டா என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அது பிடிச்சிருக்கு” என்றான்.

11 டிசம்பர் 2022

மகனே, உன் தியரி போச்சு. இன்று ஊரே அவர் பெயரைச் சொல்கிறது!

மின்னசோட்டாவோடு ஆட்டம், 31-23, நாம் முன்னணி. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, 7 கஜம் வேண்டும். கிடைத்தால் ஆட்டம் முடிந்த மாதிரி, இல்லையென்றால் பந்து அவர்களிடம். எந்த அணியும் இங்கே நம்பிக்கையான ஆள் கையில் பந்தைக் கொடுக்கும். நம் தாக்குதல் கோச் பென் ஜான்சன் அழைத்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப் பந்தை எறிந்தது சூவெலுக்கு. 150 கிலோ டேக்கிளுக்கு! பிடித்தார், 9 கஜம் போனார், ஃபர்ஸ்ட் டவுன். இறுதியில் 34-23.

வழக்கமாக டேக்கிள்கள் பந்தை வாங்கக் கூடாது. முன்கூட்டியே நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டால் வாங்கலாம். அவ்வளவுதான் விதி. ஆனால் அந்த நிமிடத்தில் அந்தக் கைகளை நம்பியதை நினைத்துப் பார்க்கிறேன். 22 வயது.

8 ஜனவரி 2023

ஆட்டம் இரவுதான், அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

சூவெல் பிறந்தது அமெரிக்க சமோவாவில், மலாயெய்மி என்ற ஊர். பசிபிக் நடுவில் உள்ள தீவுக் கூட்டம். 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை 50,000ஐக் கூடத் தொடவில்லை. மிச்சிகனில் நான் இருக்கிற கேன்டன் டவுன்ஷிப்பில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அவ்வளவு சின்ன இடத்திலிருந்தும் அங்கே வேர் உள்ள குடும்பங்களிலிருந்தும் இந்த லீகுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2012ல் குடும்பம் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜுக்குக் குடிபெயர்ந்தது. சகோதரர்களும் ஃபுட்பால் ஆடுகிறவர்கள். நெஃபை நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறார், நோவா ஒரேகானில் ஆடிவிட்டு டிராஃப்டுக்கு வருகிறார். ஆனால் அவர்கள் லைன்பேக்கர்கள், அதாவது எதிர்ப்பக்கம். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யார் யாரைத் தடுத்திருப்பார்கள்!

ஊர் விட்டு ஊர் வந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பக்கம் மாறுவது அவ்வளவு பெரிய விஷயமா என்று இன்று தோன்றியது. இது நானாகக் கட்டுகிற கதை, ஆதாரம் எதுவும் கேட்காதீர்கள்.

9 ஜனவரி 2023

கிரீன் பேயில் 20-16. பிளே-ஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுக்கான வாய்ப்பு, ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டது, ஆனாலும் அவர்களுடைய கதவையும் சாத்திவிட்டு வந்தோம். கடைசி நிமிடங்களில் வலது பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 0-8லிருந்து இங்கே.

18 செப்டம்பர் 2023

கவனித்தீர்களா? கன்சாஸ் சிட்டியில் டெக்கருக்குக் கணுக்காலில் அடி. நேற்று சியாட்டிலோடு சூவெல் இடது பக்கம் ஆடினார். ஓவர்டைமில் 37-31 என்று தோற்றோம், அது வேறு வருத்தம். இரண்டு வருடத்துக்கு முன் நான் இங்கே குதித்த குதிக்கு இன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் போனார், நின்றார், ஆடினார்.

2021 ஆகஸ்டில் நான் எழுதியதை மறுபடி படித்தேன். “எதற்கு மாற்ற வேண்டும்” என்று கேட்டிருக்கிறேன். டெக்கர் 2016லிருந்து அந்த இடத்தைக் காத்தவர். அவரை நகர்த்தினால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் புதுப் பக்கம் கற்க வேண்டியிருக்கும். ஒருவரை மட்டும், அதுவும் இளையவரை, மாற்றுவது சுவருக்குக் குறைந்த சேதம். நான் பையனை மட்டும் பார்த்தேன், அவர்கள் ஐந்து பேரையும் பார்த்தார்கள். இந்த இடத்தில் என் கட்சி தோற்றது.

ஒரு பாதியை மட்டும் இன்னும் விடமாட்டேன். முகாமில் வலம், செப்டம்பரில் இடம், நவம்பரில் மறுபடி வலம் என்று ஒரே வருடத்தில் சுற்றவிட்டது அவருக்கு ஆறு மாதத்தையாவது செலவாக்கியது.

31 டிசம்பர் 2023

தூங்கவில்லை. டாலஸ் 20, நாம் 19.

23 நொடி மிச்சம் இருக்கும்போது டச் டவுன். ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல் தலைமைக் கோச் டான் கேம்பெல் இரண்டு புள்ளிக்குப் போனார். டெக்கருக்கு எறிந்தார்கள், பிடித்தார். செல்லாது என்றார்கள். பந்தை வாங்கப்போகிறவர் நடுவரிடம் முன்பே சொல்ல வேண்டுமே, அதற்காகப் போனது டெக்கர், சூவெல், டான் ஸ்கிப்பர் மூவரும். எதிரணியைக் குழப்ப அப்படிப் போனார்கள். நடுவரோ 70ஆம் எண் ஸ்கிப்பர்தான் சொன்னார் என்று அறிவித்துவிட்டார். தான்தான் சொன்னேன் என்கிறார் டெக்கர்.

எறிந்த நேரத்தில் சூவெல் என்ன செய்தார் என்று எத்தனை பேர் பார்த்தீர்கள்? மறுபடி பாருங்கள். நான் நாலு முறை பார்த்தேன்.

15 ஜனவரி 2024

24-23. ராம்ஸ் அணியை, ஸ்டாஃபர்டை, நம் ஊரில் வைத்து. 1992 ஜனவரிக்குப் பிறகு பிளே-ஆஃபில் முதல் வெற்றி. 32 வருடம். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். நான் இந்தப் பக்கம்.

29 ஜனவரி 2024

முதல் பாதி முடியும்போது 24-7 என்று முன்னால் இருந்தோம். 34-31 என்று தோற்றோம். மறுபடி சான் ஃபிரான்சிஸ்கோ, மறுபடி போசா. சூவெல் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. லீகின் சிறந்த ரைட் டேக்கிள் என்று ஆல்-புரோ முதல் அணியில் இந்த வருடம் அவரைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்று அதற்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

27 ஏப்ரல் 2024

இந்த வருட டிராஃப்ட் டெட்ராய்டில். முதல் நாள் மகனோடு போனேன், நகர மையத்தில் காலை வைக்க இடமில்லை. அதற்கு முந்தின நாள்தான் செய்தி: சூவெலுக்கு 4 வருட நீட்டிப்பு, 112 மில்லியன் டாலர், அதில் 85 மில்லியன் உறுதி. வருடத்துக்கு 28 மில்லியன், எந்த லைன்மேனும் வாங்காத தொகை. வலது பக்கத்து ஆளுக்கு! அதே நாளில் பந்து பிடிக்கிற அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இடது பக்கம்தான் காசு என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. டி.ஜே. வாட் மாதிரி பயங்கரமான ஆட்கள் பெரும்பாலும் ரைட் டேக்கிள் மேல்தான் வருகிறார்கள். எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் ஆளை நகர்த்திவிடுகிறார்கள். பந்தை எறிபவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார், சரி. வருகிறவனைப் பார்த்தால் மட்டும் அடி வலிக்காமல் இருக்குமா?

4 ஆகஸ்ட் 2024

திருத்தம். அதிகச் சம்பள லைன்மேன் என்ற இடம் சூவெலிடம் இப்போது இல்லை. டாம்பாவின் டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் சில நாட்களுக்கு முன் 5 வருடத்துக்கு 140 மில்லியனைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த இழைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். ரைட் டேக்கிளாக வந்து, 2023ல் லெஃப்ட் டேக்கிளாக மாறியவர். சூவெல் போன வழியில் எதிர்த்திசையில் வந்தவர்.

14 அக்டோபர் 2024

டாலஸில் 47-9. கொண்டாட முடியவில்லை. ஹட்சின்சனுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. 2022 முகாமில் அவரும் சூவெலும் பேசிக்கொண்டே நடந்து போனதுதான் நேற்று முழுக்க நினைவில்.

6 ஜனவரி 2025

சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி. நேற்றிரவு மின்னசோட்டாவை 31-9. பந்தோடு ஓடுகிற ஜாமிர் கிப்ஸ் நாலு டச் டவுன். கிப்ஸ் ஓரமாகத் திரும்பும்போதெல்லாம் 58 அவருக்கு முன்னால் ஓடுவதைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் மழையில் பிட்ஸ்பர்க்கில் பார்த்த அதே சந்தோஷம்.

மகன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் கார்டு. போன மாதம் கோச் அவனை மற்ற பக்கத்துக்கு மாறச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கவில்லை, நேராக வேலிக்குப் போனான். ஜன்னல் வழியே பார்த்தேன், பனியில் பெரியவர் அவன் காலைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

19 ஜனவரி 2025

வாஷிங்டன் 45, நாம் 31. முதல் இடத்தில் வந்த சீசன் ஃபோர்ட் ஃபீல்டிலேயே முடிந்தது. இன்று எழுத ஒன்றுமில்லை.

2 பிப்ரவரி 2025

பென் ஜான்சன் சிகாகோவுக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். சூவெலுக்கு எறியச் சொன்ன மூளை இனி வருடத்துக்கு இருமுறை எதிர்ப்பக்கம் நிற்கும்.

மேலே ஒருவர் கேட்டதற்குப் பதில்: அடுத்த சீசனுக்கு டிக்கெட் எடுப்பதானால், சூவெலைப் பார்க்க வேண்டும் என்றால், மைதானத்தின் பக்கவாட்டில் நடு இருக்கை வேண்டாம். அங்கிருந்து ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் மறைப்பார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால், மேல் அடுக்கு, விலையும் குறைவு. நம் அணி உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கால்மணி நேரத்தில் வலது ஓரத்தில் கடைசி ஆள். ஸ்னாப் ஆனதும் பந்தை விட்டுவிட்டு அவர் வலது காலைப் பாருங்கள்.